நீ கொடுத்த மோட்டார் ஸ்டாண்டைத் திருப்பி எடுத்துக்கொள்வது பற்றி

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அக்கா சுகமாகவும் கோபமாகவும் இருக்கிறாள். அங்கே எல்லோரும் சுகமாக மட்டும் இருக்க வேண்டுகிறேன்.

என் சின்னத் தொலைநோக்கிக்கென்று நீ வாங்கி வந்து, கொல்லைப்புறத்தில் வடக்குப் பார்த்து நிறுத்திவிட்டுப் போன மோட்டார் ஸ்டாண்டை உடனே வந்து எடுத்துக்கொண்டு போ. ஒரு நட்சத்திரத்தைக் காட்டிவிட்டால், அது நகர நகரத் தானும் நகர்ந்து கண்ணிலேயே வைத்திருக்கும் என்றாய். வானத்தை மறைக்கிறதே என்று துணிக்கொடியை அவிழ்த்தேன். இப்போது புடவைகள் கூடத்து மின்விசிறியில் தொங்குகின்றன, "அந்த இரும்பு இருக்கிற வரைக்கும் கொல்லைப்பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன்" என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். ரயில் ஓட்டிய காலத்தில் இன்ஜின் ஜன்னலில் நட்சத்திரங்கள் கூடவே ஓடி வரும். சத்தமெல்லாம் அடங்கி, நானும் அவையும் மட்டும் எங்கோ மிதந்து போவது போலிருக்கும். இதை இவளும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அப்போதே ஆசை. அதற்காகத்தான் இத்தனை பாடும். கெஞ்சிக் கூத்தாடி நேற்று அந்தி மங்கும்போது அழைத்துவந்து செவ்வாயைக் காட்டினேன். அவள் கண்ணை வைப்பதற்குள் ஸ்டாண்டு முனகிக்கொண்டே மேற்கே போய்விட்டது. திருப்பி வைத்தேன், மறுபடி போனது. கயிறு போட்டுக் கட்டினேன். அவள் நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தாள். "ஏங்க, அது செல்போன் டவர் லைட்டுங்க. அடுப்படி ஜன்னல்ல தெனமும் தெரியுது. காலம் பூரா சிவப்பு விளக்கப் பாத்தே சம்பளம் வாங்கின மனுஷனுக்கு இது தெரியலையா?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். விளக்கு நிற்கிறதே என்று ஸ்டாண்டும் நின்று தொலைத்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் என்னைப் போல் இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது கொல்லையில் மோட்டார் முனகியது. போய்ப் பார்த்தால் உன் அக்கா. கயிற்றை அவிழ்த்துவிட்டு, மதிலுக்கு மேலே மஞ்சளாக, மினுக்காமல் நின்ற ஒன்றின் பக்கம் குழாயைத் திருப்பியிருக்கிறாள். "ஏங்க, வளையம்ங்க! நெசமாவே சனிக்கு வளையம் இருக்கு!" கல்யாணமான புதிதில் கேட்ட குரல். "கொஞ்சம் தள்ளு, ஓடிடப்போகுது" என்றேன். "எங்க ஓடும்? ஸ்டாண்டு புடிச்சிட்டிருக்குல்ல, இருங்க" என்றவள், கண்ணை எடுக்காமல் கையால் துழாவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சனியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்டாண்டை எடுக்க நீ வரவேண்டாம் என்று எழுதிவிட்டு வரச் சொல்லித்தான் இப்போது சட்டையை விட்டிருக்கிறாள்.