தொடைதட்டியின் ஸ்பானிஷ்

தார்நாகாவில் தொடைதட்டியிடம் அடி வாங்காத தொடையே கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர். எங்கள் மூன்றாவது மாடிக்காரர். மகள் மெக்சிகோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். பேத்திக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். போனில் அவள் கொஞ்சுவது புரியாத ஆத்திரத்தில் இவர் ஸ்பானிஷ் படிக்கக் கிளம்பினார்.

சொல்லை அசை அசையாகப் பிரிப்பார். அசைக்கு ஒரு மெல்லிய தட்டு. அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் பளார். மா-ரி-போ-ஸா என்றால் வண்ணத்துப்பூச்சி. ‘போ’வில் தொடை சிவந்துவிடும்.

உப்பல் போகும் பஸ்ஸில் தன் தொடை என்று நினைத்துப் பக்கத்து ஆளை அடித்துவிட்டார்.

“கைக்கு மார்ரே ஜி?” ஏன் அடிக்கிறீர் என்று அந்த ஆள் உருதுவில் எகிறினார்.

“மாஃப் கரோ பாய். ரூல் அப்படி.”

குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் விடவில்லை. “மாரிபோஸான்னு தட்டையா சொல்றீங்களே, வெக்கமா இல்ல? எங்க தூக்கணும்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சார், மோட்டார் தண்ணியே தூக்கல. முதல்ல அதைப் பேசுங்க” என்றார் செயலாளர்.

போன வருஷம் மகள் கணவனை விட்டுவிட்டுக் குழந்தையோடு வந்து இறங்கினாள். இவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரவேற்பில் முதல் சொல்லைத் தொடங்கியதுமே கையை உயர்த்தித் தடுத்தாள். பெட்டி தூக்க உதவப் போன நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“அந்த பாஷை இந்த வீட்ல நக்கோப்பா, வேணாம். அதைக் கேட்டா எனக்கு அந்த ஆளு குரல்தான் கேக்குது. நீங்க பேசினா நான் வேற வீடு பார்த்துக்கறேன். பாப்பாவுக்குத் தமிழ் தானா வரும்.”

பேத்தியை இழப்பதா, பேச்சை இழப்பதா? பேச்சை விட்டார்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். குழந்தை ஸ்பானிஷில் ஏதோ கேட்டது. தொடைதட்டி எழுந்து ஜன்னலைத் திறந்தார். மறுபடி கேட்டது. தண்ணீர் கொண்டுவந்தார். அவரையே உற்றுப் பார்த்துவிட்டுக் குழந்தை அம்மாவிடம் நீளமாக ஒன்று கேட்டது.

“என்னம்மா கேக்குறா?” என்றேன்.

“நான் சொல்றதெல்லாம் தாத்தாவுக்குப் புரியுதே, ஏன் பேச மாட்டேங்கறார்னு கேக்கறா, அங்கிள்.”

அவள் எனக்குச் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் தலை குனிந்துவிட்டது.

“தாத்தாவுக்குப் பேச வராதுன்னு சொல்லிடும்மா” என்றார்.

ஒரு மொழியை இத்தனை அன்போடு பேசாமல் இருந்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.