பக்கோ தந்த நற்சான்றிதழ்

என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி இன்னொருவரைக் கெஞ்சியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு தைரியம் வரவில்லை.

தொண்ணூறுகளில் டொரொண்டோவின் மேற்குப் பக்கத்தில், ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் கடையில் சமையலறை வேலை செய்தேன். தகப்பன் தொடங்கி, மகன் பக்கோ நடத்திவந்த பழைய கடை. வைனுக்குத் துணையாகச் சின்னச் சின்னத் தட்டுகளில் ஒலிவ் காய், பொரித்த கணவாய் என்று வைப்பார்கள். தபாஸ் என்று பெயர். வருகிறவர்கள் எல்லாரும் அயலில் இருந்த ஸ்பானிய மொழிக்காரர்கள். அதனால் பக்கோவுக்கு அறுபது வயதாகியும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. (இரண்டு வருடத்தில் நானும் அவருடைய மொழியைப் பிடித்துவிட்டேன். அதில் பெருமை வேறு.)

அந்த நேரம் நகரின் மறுகோடியில், மல்வேர்னில் ஒரு பெண்ணை எனக்குப் பேசினார்கள். இரண்டு தரம் கண்டு கதைத்ததிலேயே, இவள் இல்லாவிட்டால் ஒருத்தியும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். மிச்சம் இருந்தது பெண்ணின் தகப்பனின் விசாரணை மட்டும். அவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் என்றால் அயலட்டையில் விசாரிப்பார்கள். இங்கே என்னைத் தெரிந்தவர் பக்கோ ஒருவர்தான்.

அங்கிள் சனிக்கிழமை பின்னேரம் வருவதாகச் செய்தி வந்தது. அவர் என்ன கேட்டாலும் ஆம் என்று மட்டும் சொல்லும்படி பக்கோவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். (மூளை என்று ஒன்று இருந்திருந்தால் இந்த இடத்தில் பாவித்திருக்கலாம்.)

அங்கிள் கோட் சூட்டோடு வந்தார். பக்கோ நாலு சின்னத் தட்டுகளை முன்னால் வைத்தார்.

"உது என்ன, கோயில் பிரசாதமோ?" என்று அங்கிள் முணுமுணுத்தது, கதவுக்குப் பின்னால் கணவாய் கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. பிறகு விசாரணை ஆரம்பித்தது.

"கரக்டர் குட்?"

"சீ, சீ!" என்றார் பக்கோ, நெஞ்சில் கைவைத்து.

அங்கிளின் முகம் கறுத்தது. ஸ்பானிய மொழியில் "சீ" என்றால் ஆம். தமிழில் அது என்ன என்று எனக்கு அந்த விநாடியில்தான் ஞாபகம் வந்தது.

"ட்றிங்கிங்?"

"சீ, சீ!"

முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கேர்ள் பிரெண்ட்?"

"சீ, சீ, சீ!"

அங்கிள் ஒரு ஒலிவ் காயை எடுத்து வாயில் போட்டார். குணம் சரியில்லை, ஆனால் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை என்ற அளவில் நான் தப்பியிருந்தேன். அப்படியே விட்டிருக்கலாம். முதல் கேள்வியில் போன மானத்தை மீட்க, கணவாய்க் கையோடு வெளியே ஓடினேன்.

"அங்கிள், பிழையா நினையாதேங்கோ. இவையின்ர பாஷையில சீ எண்டா ஓம்!"

அங்கிள் மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப குடியும் ஓம், பெட்டையளும் ஓமோ?"

"சீச்சீ!" என்று அலறினேன்.

"நீர் இப்ப எந்தப் பாஷையில கதைக்கிறீர், தம்பி?"

எனக்காகப் பக்கோ, கேட்டுக்கொண்டபடியே, "சீ, சீ" என்றார். அங்கிள் எழும்பி பஸ்ஸுக்குப் போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இவ்வளவு கண்ணீர் விழுந்தும், அன்று பொரித்த கணவாயில் உப்பே இல்லை என்று ஆட்கள் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா எல்லாம் சொன்னவர்" என்றாள். சிரிக்கிறாளா, கோபமா என்று பிடிபடவில்லை.

நான் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினேன். "நான் குடிக்கிறேல்லை. வேற ஒருத்தியும் இல்லை. என்னைக் கட்டச் சம்மதமோ?"

"சீ" என்றாள். டக்கென்று வைத்துவிட்டாள்.

அது எந்த மொழி என்று கல்யாணத்துக்குப் பிறகாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் கேட்டால் மாமனாரும் பிள்ளைகளும்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் இன்னும் சொல்லவில்லை.