ஹெக்ஸ் அங்கிள் டிக் போட்ட தாள்

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையிலேயே கம்ப்யூட்டரை நம்பாத ஒரே கம்ப்யூட்டர்காரர் எங்கள் ஹெக்ஸ் அங்கிள்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஃபேக்டரியில் ஆட்டோகேட்டுக்கான போர்டு செய்கிறோம். ரிமோட்டை அமுக்கினால் வீட்டுக் கேட் திறந்து, இருபது வினாடி பொறுத்து, தானே மூடிக்கொள்ளும். நாங்கள் எழுதும் புரோகிராமை அசெம்பிளர் என்ற மென்பொருள் எண்களாக்கி ஹெக்ஸ் ஃபைலாகக் கொடுக்கும். எங்களுக்கு அது வெறும் எண் குப்பை. அங்கிளோ அதைத் தாளில் அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து, வரி வரியாகப் படிப்பார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்து டிக் போடுவார்.

"மெஷினே செக் பண்ணுது அங்கிள்."

"அது பாட்டுக்குப் பண்ணட்டும் லா. எனக்கு அது மேல ஒண்ணும் கோவமில்ல."

கிள்ளானில் ஒரு கல்யாண விருந்துக்குக்கூடத் தாளோடு வந்தார். சாம்பார் வாளியோடு வந்த ஆளிடம், "பாத்து ஊத்துப்பா, நாப்பதாவது லைன்லதான் டைமர் இருக்கு" என்றார். அந்த ஆள் மிரண்டுபோய் அடுத்த இலைக்கும் ஊற்றாமல் போய்விட்டார்.

அதே எண்களை அட்ரஸ் எதுவும் இல்லாமல் வரிசையாகக் கொட்டிவைக்கும் பைனரி ஃபைல் என்றால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "ஹெக்ஸ் வந்து, டெலிவரி ஆர்டரோட வர்ற லோரி மாதிரி. எத்தன சாமான், எந்த அட்ரஸ், எல்லாம் எழுதியிருக்கும். பைனரிக்காரன் சாமான நடுரோட்டுல கொட்டிட்டுப் போயிருவான்" என்பார்.

அந்தப் பைனரியில்தான் நான் கை வைத்தேன். அவசர ஆர்டர். அங்கிள் தாள் முழுக்க டிக் போட்டு, சரிபார்ப்பு ஃபாரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். சிப்பில் ஏற்றுவது என் வேலை. பைனரி என்றால் சீக்கிரம் ஏறும் என்று, அவரிடம் சொல்லாமல் மாற்றி ஏற்றினேன். அந்த இருபது வினாடி என்ற எண் மட்டும் ஹெக்ஸில் தனி அட்ரஸில் இருந்தது. நான் மாற்றியதில் அது போய்ச் சேரவில்லை. எதுவும் எழுதாத இடத்தைச் சிப் 255 என்று படிக்கும்; இருபது வினாடி 255 வினாடியாகிவிட்டது. கேட் திறக்கிறதா என்று மட்டும் சோதித்தோம். மூடும்வரை நிற்க யாருக்குப் பொறுமை?

கிள்ளானிலிருந்து ஓர் ஆன்டி போன் செய்தார். "கேட்டு தொறந்தா நாலு நிமிசம் அப்படியே நிக்குது தம்பி. மாடு உள்ள வந்து என் வெத்தலக் கொடிய தின்னுட்டு, கேட்டு மூடறதுக்குள்ள நிதானமா வெளிய போயிருச்சு."

சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் மேனேஜர் அந்த ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அங்கிள், சைன் நீங்கதான் போட்டிருக்கீங்க."

அங்கிள் தாளை வாங்கி முதலிலிருந்து படித்தார். "எல்லாம் சரியாத்தான் தெரியுது பாஸ்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப என் கண்ணுதான் கெட்டுப்போச்சு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேலை நிரந்தரமாகும் கடிதம் எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன், பாவி.

அவர் கிள்ளானுக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். புதுக் கண்ணாடியிலும் எல்லா வரியும் சரியாகவே இருந்தது. அதில்தான், கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் என்று மனிதர் ரொம்பவே பயந்துபோனார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். வழியனுப்பு விழாவுக்குக் கேக் வாங்கி வந்தவன் நான்தான்.

மூன்று வருஷம் கழித்து, போன மாதம்தான் ஜெஞ்சாரோமில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அவருக்குப் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "இவரு எதையும் படிக்க மாட்டேங்குறாரு தம்பி. மருந்து டப்பாவக்கூட மூணு பேருகிட்டக் காட்டிட்டுத்தான் திங்குறாரு."

அங்கிளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிராமல்தான் சொன்னேன்.

"அப்ப அந்தத் தாளு?" என்றார்.

"சரிதான் அங்கிள்."

"எல்லா லைனுமா?"

"எல்லா லைனும்."

அங்கிள் தன் மனைவியின் கையிலிருந்த பேப்பரை வாங்கினார். அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து தானே படிக்க ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று வருஷப் பேப்பரை அவரிடமிருந்து பிடுங்கியவன் நான். அவர் ராசிபலன் வரைக்கும் படித்து முடிக்கும்வரை எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை.