தேவாங்கு அளந்த போர் விமானம்

ஒரு காட்டில், இரை தேடியது போக மிச்சமிருந்த நேரத்தில் எல்லா மிருகங்களுக்கும் போர் விமானப் பைத்தியம் பிடித்திருந்தது. நிஜ விமானம் அல்ல. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானம். துண்டுகளை வெட்டி எடுத்து, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் பூசினால் ஒரு சாண் நீளத்தில் போர் விமானம் கிடைக்கும், நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது.

ஆனால் அந்தக் காட்டின் வழக்கம் வேறு. மிருகங்கள் பெட்டியை வாங்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறக்கும். துண்டுகளைத் தடவும், மோந்து பார்க்கும், "அடடா, என்ன வார்ப்பு!" என்று சொல்லும். பிறகு மூடி, ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளின் மேல் அடுக்கிவிடும். யானை வீட்டில் பெட்டிகளுக்கு இடம் கொடுத்தது போக யானைக்கு இடமில்லை. அது வாசலில் படுத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பெட்டிகளுக்குக் கிட் என்று பெயர். எந்த கிட் உசத்தி என்று ஒப்பிட்டுச் சொல்வது திருமேனி என்ற தேவாங்கின் வேலை. திருமேனிக்கு உருண்டைக் கண். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஓர் இறக்கையைக் கையில் எடுத்தால், அது பார்த்து முடிப்பதற்குள் கேட்க வந்தவர் குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

"கழுகு கம்பெனி கிட்டில் தகடு இணையும் கோடுகள் மயிரிழை மாதிரி இருக்கும். மைனா கம்பெனியில் அதே கோடு வாய்க்கால் மாதிரி. கழுகில் இரண்டு பாதியையும் சேர்த்தால் நகம் நுழையாது. மைனாவில் என் வாலே நுழையும்" என்று அது தீர்ப்புச் சொல்லும். தேவாங்குக்கு வால் கிடையாது. அதை யாரும் கவனித்ததில்லை.

திருமேனிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். காட்டின் கிட் கண்காட்சியில் மார்க் போடும் நடுவர் நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும். கிட் கடை வைத்திருந்த கரடி சோலையப்பன்தான் கண்காட்சிக் குழுவுக்கும் தலைவர். "இந்த வருஷம் உமக்குத்தான் ஐயா" என்று அது வாக்குக் கொடுத்திருந்தது.

அப்போதுதான் கடைக்கு வந்தது பவளக்கொடி என்ற கீரி. விரல்களில் காய்ந்த பசை, மீசையில் சாம்பல் நிற பெயிண்ட். காட்டிலேயே பெட்டியைத் திறந்து ஒட்டுகிற ஒரே பிராணி அதுதான்.

"திருமேனி அண்ணே, உங்க கழுகு கிட்டுல மூக்கு நீளம்" என்றது பவளக்கொடி.

"எது நீளம்?"

"மூக்கு. நுனியிலிருந்து விமானியோட கண்ணாடிக் கூண்டு வரைக்கும். மைனாவை விட ரெண்டு மில்லிமீட்டர் கூட வருது."

"அப்போ மைனாவில் ரெண்டு மில்லிமீட்டர் குறைச்சல்னு சொல்லும்மா. முழுக்கப் பட்டி பூசி ஒப்பேத்துற கிட்டைப் போய்க் கழுகோட ஒப்பிடறியே!"

"பட்டி பூசணும்தான். ஆனா மூஞ்சி சரியா இருக்கே. உங்களுது அழகாத்தான் இருக்கு, ஆனா கொக்கு மாதிரி இருக்கு."

கடையில் நின்ற கொக்கு வெளியே போய்விட்டது.

கரடி பார்த்தது. "நெடுஞ்சாலை முக்குல, சிமெண்டுத் தூணுக்கு மேல, ஓய்வு பெற்ற நிஜ விமானத்தையே மனுஷங்க நிறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் போய் அளந்துட்டு வாங்க. யார் சொன்னது தப்போ அவங்களுக்கு நாற்காலி கிடையாது" என்றது.

காவலாளி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இரண்டும் தூணில் ஏறின. பவளக்கொடி ஒரே ஓட்டத்தில் மூக்கு நுனிக்குப் போய் டேப்பைப் பிடித்துக்கொண்டது. திருமேனி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் கண்ணாடிக் கூண்டை நோக்கி நகர்ந்தது.

"அண்ணே, காவலாளி ரிட்டையர் ஆகறதுக்குள்ள போயிடுவீங்களா?"

திருமேனி அடுத்த காலை எடுத்து வைத்தது. போய்ச் சேர்ந்தது. டேப்பைப் பார்த்தது. எழுபத்திரண்டால் வகுத்துப் பார்த்தது. உருண்டைக் கண் இன்னும் உருண்டது.

மைனாதான் சரி.

"வெயிலில் டேப் நீண்டிருக்கும்" என்றது மெதுவாக.

"கிட்டத்தட்ட அரையடியா நீளும்? அது டேப்பா, மலைப்பாம்பா?"

"மூக்கு தேய்ஞ்சிருக்கும்."

"தூணுக்கு மேல ஏறி வந்து யாரு தேய்ச்சாங்க?"

திருமேனி விமானத்தின் முதுகில் உட்கார்ந்துவிட்டது. நாற்காலி கண் முன்னால் வந்து வந்து போயிற்று. பொய் சொல்லலாம், கீரி பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? ஆனால் கண்ணால் பார்த்த அளவை மாற்றிச் சொல்லி அதற்குப் பழக்கமில்லை.

"நான் சொல்லட்டா அண்ணே?" என்று பவளக்கொடி கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டது.

"வேண்டாம்மா. நானே சொல்றேன்."

கண்காட்சி அன்று ஆலமரத்தடியில் காடே கூடியிருந்தது. திருமேனி முன்னால் வந்து, "நிஜ விமானத்தை அளந்துட்டோம். மைனா கிட்டோட மூக்குதான் அதோட பொருந்துது. கழுகு பொருந்தலை" என்றது.

மயில் மெல்ல விசும்பியது. கழுகு கம்பெனியின் புதுச் சரக்கை அன்று காலையில்தான் இறக்கியிருந்த கரடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் யானை எழுந்தது. "எங்க வீட்டுல ஒரு சுவர் முழுக்கக் கழுகுதான்" என்றது. யோசித்தது. மறுபடி யோசித்தது. முகம் மலர்ந்தது. "அப்படின்னா, தூண் மேல நிக்குதே, அந்த விமானத்தைத்தான் தப்பா செஞ்சிருக்காங்க!"

"அதானே!" என்றது காடு.

"கழுகுக்காரங்க வரைபடத்தைப் பார்த்து அச்சு வார்க்கறவங்க. நிஜ விமானத்தை எவன் எதைப் பார்த்துச் செஞ்சானோ!" என்றது மயில்.

"இல்லை, இல்லை" என்றது திருமேனி. "நிஜ விமானம்தான்..."

அதற்குள் கைதட்டல். கரடி பாய்ந்து வந்து அதைத் தூக்கியது. "கேட்டுக்குங்க! நிஜப் போர் விமானத்துலேயே குத்தம் கண்டுபிடிச்ச நிபுணர் இந்த உலகத்துல நம்ம ஐயா ஒருத்தர்தான்!" என்று நாற்காலியில் உட்கார வைத்தது. திருமேனி மறுக்கத்தான் செய்தது. ஆனால் தேவாங்கு அல்லவா? அடுத்த வார்த்தை வாய்க்கு வருவதற்குள் மாலை விழுந்துவிட்டது. அதற்கு அடுத்த வார்த்தை வருவதற்குள் நாற்காலி மிகவும் வசதியாக இருப்பது தெரிந்துவிட்டது.

பெட்டிகளோடு வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால், போட்டிக்கு முதலில் வந்தது பவளக்கொடி. ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசிய மைனா விமானத்தை மேசைமேல் வைத்தது.

திருமேனி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "மூக்கு ரொம்பச் சரியா இருக்கும்மா" என்றது, வேறு யாருக்கும் கேட்காதபடி.

"அப்போ முதல் மார்க் போடுங்க அண்ணே."

"அது எப்படிம்மா முடியும்? நிஜ விமானமே தப்புன்னு தீர்மானம் ஆயிடுச்சு. நீ அதை அப்படியே காப்பியடிச்சு வச்சிருக்கியே!"

நீதி: உண்மையைத் தைரியமாகச் சொல்லுங்கள். கேட்பவர்கள் ஏற்கெனவே பெட்டியை வாங்கியிருந்தால், அதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது.