மணியை ஒழித்த கல்லூரி

ஒன்றை ஒழிப்பது என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டால், முதல் வேலையாக அதற்கு ஓர் அலுவலகம் திறந்துவிடும். அறிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலனிய அழுக்கை நீக்கத் திறந்த இயக்ககத்துக்கு ஓர் இயக்குநர், இரண்டு துணை இயக்குநர்கள், ஏசி கார் ஒன்று. எங்கிருந்து நீக்கத் தொடங்குவது என்று மூவரும் அந்தக் காரிலேயே ஊரெல்லாம் சுற்றி யோசித்து, கடைசியில் இஸ்லாமியக் கல்வியியல் கல்லூரியின் மணியில் கை வைத்தார்கள்.

மணியைக் கொண்டுவந்தது யார்? வெள்ளைக்காரன். எதற்கு? ஆலைக்குள் ஆட்களைத் தள்ளவும் வெளியே தள்ளவும். நம் முன்னோர் மணி பார்த்தா படித்தார்கள்? பள்ளிவாசல் தூணருகே உஸ்தாது உட்காருவார். மாணவர்கள் சுற்றி வட்டமாக உட்காருவார்கள். சந்தேகம் தீர்ந்தால் பாடம் தீர்ந்தது. ஆகவே மணி கழற்றப்பட்டு இயக்குநரின் அறைக்குப் போனது. பியூனைக் கூப்பிட வசதியாக இருந்ததாம்.

இதற்காக வந்த சுற்றறிக்கையை, அந்தக் கல்லூரியில் கல்வித் தத்துவம் நடத்தும் விரிவுரையாளர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். ஏனென்றால் கருத்து அவருடையது. 'கேட்பவரின் சந்தேகம் தீரும்வரை பாடம் முடிவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவதே ஆசிரியரின் அதபு' என்று ஒரு கட்டுரையில் ஆசை ஆசையாக எழுதியிருந்தார். அதபு என்றால் கற்றவருக்கு இருக்கவேண்டிய பண்பு. சுற்றறிக்கையில் அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் வந்திருந்தது. இரண்டாம் பாதிக்கு இடமில்லை. அங்கே கையெழுத்தும் முத்திரையும் வந்துவிட்டன.

மணியில்லா முதல் வகுப்பை ஆசிரியர்களுக்கு இயக்குநரே எடுப்பதாக ஏற்பாடு. எல்லோருக்கும் புரியும்வரை வாசல் கேட்டைத் திறக்கக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. அன்று பார்த்துத்தான் விரிவுரையாளரின் தங்கை படிப்புக்காக வெளிநாடு போகிறாள். திரும்பிவர மூன்று வருஷம் ஆகும். அவள் விமான நிலையத்தில். அவளுடைய பெட்டிகள் அக்காவான விரிவுரையாளரின் காரில். கார் கேட்டுக்கு உள்ளே.

“அறிவாதார மையங்களின் மறுமையநீக்கத் தளத்திலே…” என்று இயக்குநர் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தார். வெயில் சாய்ந்த பிறகும் அதே தளத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

நூலகர்தான் முதலில் துணிந்தார். “எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு சார்.”

“ரொம்ப சந்தோஷம். புரிஞ்சத உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க. அதுதான் நம்ம மரபு.”

“நீங்க சொன்னதுக்கு மேல சொல்றதுக்கு எங்கிட்ட சொந்தமா வார்த்தை ஏது சார்?”

“உக்காருங்க.”

மாலை நேர அஸர் தொழுகைக்கு விட்டார்கள். தொழும் இடமும் கேட்டுக்கு உள்ளேதான். திரும்பும் வழியில் விரிவுரையாளர் காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்தார். “புரிஞ்சுதுன்னு எழுத்துல வரட்டும் மேடம், உடனே திறந்துடறேன்” என்றார் அவர்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. 'அக்கா, எங்க இருக்க?'

இனிப் பொறுக்க முடியாது என்று விரிவுரையாளர் எழுந்தார். “சார், எனக்குப் புரியல. மறுமையநீக்கம்னா என்ன?”

இயக்குநர் தாளை முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார், பக்கத்திலிருந்த துணை இயக்குநரின் காதைக் கூப்பிட்டார். துணை இயக்குநர் நிமிர்ந்து அறிவித்தார்: “இந்த உரைய வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் தயாரிச்சுக் குடுத்தது. அவங்க ஆபீஸ் திறந்ததும் கேட்டுடலாம்.”

“எப்ப திறப்பாங்க?”

“அவங்க ஊர்ல ஒன்பது மணிக்கு.”

“மணிக்கா சார்?” என்றார் நூலகர்.

விரிவுரையாளர் குரலைத் தணித்தார். “சார், 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா பாடம் மரியாதையா முடிஞ்சிடும். பெரிய பெரிய இமாமுங்களே கூசாம சொல்லியிருக்காங்க.”

இயக்குநர் இதைத் தட்டிக் கழிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். “சொல்லலாம் மேடம். ஆனா இயக்குநர் பதவியில இருக்கறவர் அப்படிச் சொல்ல அரசாணை ஏதாவது இருக்கா?”

இல்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. 'கவுன்டர மூடப் போறாங்கக்கா.'

விரிவுரையாளர் கண்ணை மூடித் திறந்தார். “இப்ப புரிஞ்சிடுச்சு சார். மறுமையநீக்கம் என்பது மையத்தை நீக்கி, நீக்கத்தையே மையமாக்கி, அந்த மையத்தையும் மீண்டும் நீக்கிச் செல்லும் தொடர் பண்பாட்டுச் செயல்பாடு.”

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. “இப்பத்தான் எனக்கே…” என்று தொடங்கி, இருமி, “அருமை!” என்று முடித்தார். 'புரிந்தது' என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, கைதட்டல் ஓய்வதற்குள் விரிவுரையாளரின் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

கவுன்டர் மூடும் நேரத்துக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. தங்கை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். “இவ்ளோ நேரமா அப்படி என்னக்கா பாடம்?”

“எனக்குத் தெரியாதுடி” என்றார் அக்கா. அது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று நினைத்து அவருக்கும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அடுத்த மாதமே ஆணை வந்தது. விரிவுரையாளரின் விளக்கம் எல்லாக் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடம். நடத்துபவர், சிறப்புப் பயிற்றுநராகப் பதவி உயர்வு பெற்ற அவரே.

முதல் கல்லூரியில் முதல் வரிசையில் இயக்குநர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விரிவுரையாளர் மையத்தை நீக்கினார், நீக்கத்தை மையமாக்கினார். வெயில் சாய்ந்தது. இங்கேயும் கேட் திறக்கவில்லை. கடைசி வரிசையில் ஓர் இளம் ஆசிரியை, கையில் அதிரும் போனோடு எழுந்தாள்.

“மேடம், அம்மாவ ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும். தப்பா நெனைக்காதீங்க, எனக்குப் புரியல. மறுமையநீக்கம்னா என்ன மேடம்?”

விரிவுரையாளருக்குத் தன் வாக்கியத்தின் இரண்டாம் பாதி ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவுக்கு வந்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். முதல் வரிசையில் இயக்குநர் எழுதத் தயாராகக் குனிந்தார்.

“நல்ல கேள்வி” என்றார் விரிவுரையாளர். “உக்காரும்மா. முதல்லேர்ந்து வருவோம்.”