எதோடும் பொருந்தும் வெள்ளை

பதினொரு யார் நீள வெள்ளைத் துணியை எங்கே காயப்போடுவது என்பதுதான் அன்று காலை சரோஜினிதேவிக்கு இருந்த ஒரே பிரச்சினை. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் பல்கனி என்று கட்டிக் கொடுப்பது, இரண்டு பேர் சண்டை பிடிக்காமல் நிற்கக்கூடிய இடம். அதில் ஒரு கொடி. அந்தக் கொடியில் இரண்டு சோட்டிச் சட்டையும் ஒரு துவாயும் காய்ந்தாலே பெரிய காரியம்.

துணியை ஏன் நனைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்காவிட்டால் தைத்த பிறகு சுருங்கும் என்று யூடியூப்பில் வரும் ஒரு பெண்மணி சொல்லிவிட்டாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். அலுமாரி நிறைய உடுப்பை வைத்துக்கொண்டு உடுக்க ஒன்றுமில்லை என்று நிற்பது மடைத்தனம். ஏழெட்டு உருப்படி போதும். எதை எடுத்தாலும் எதோடும் பொருந்த வேண்டும். அதற்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு, இந்த மூன்றையும் விட்டால் வேறு வழியில்லை. பெண்மணி இருப்பது ஏதோ குளிர் நாட்டில். அங்கே குடும்பமாக வெள்ளை உடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது.

சரோஜினிக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. மகள் ஆரணிக்குப் பேசிவரும் மூன்றாவது சம்பந்தம் இது. முதலாவது சாதகப் பொருத்தத்தில் முறிந்தது. இரண்டாவதில் எல்லாம் சரிவந்து, நாளும் வைத்த பிறகு, மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் கண்ணை மூடிவிட்டார். செத்த வீட்டுத் துடக்கு என்றால் தகப்பன் வழிச் சொந்தம் முழுவதற்கும் ஒரு மாதம். கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை. அந்த ஒரு மாதத்துக்குள் மாப்பிள்ளை வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து துடக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவாள்.

இந்த மாப்பிள்ளை கிஷாந்த், கொட்டாஞ்சேனைப் பெடியன். மெல்பேர்னில் வேலை, லீவில் வந்திருக்கிறான். அவனுக்கும் ஆரணிக்கும் போனில் கதைத்துக் கதைத்தே பிடித்துவிட்டது. அவன் பிளேன் ஏறுமுன் எழுத்தை, அதாவது பதிவுத் திருமணத்தை, முடித்துவிட வேண்டும். பம்பலப்பிட்டிக் கோயிலில் வைத்துச் சந்திப்போம் என்று முதலில் சொன்ன மாப்பிள்ளை வீட்டார், முந்தாநாள் போன் எடுத்து, கோயில் வேண்டாம், நாள் குறிக்க வீட்டுக்கே வருகிறோம் என்று மாற்றிவிட்டார்கள். சரோஜினிக்கு அதில் சந்தோஷம்தான். தானும் கணவரும் மகளும் ஒரே செட்டில் வாசலில் நின்று வரவேற்பதை அவள் மனக்கண்ணில் பார்த்தே விட்டாள்.

பழைய உடுப்பு இருந்தால் மனம் அங்கேதான் போகும் என்று பெண்மணி எச்சரித்திருந்தாள். ஆகவே மூன்று பேருடைய உடுப்பையும் மூட்டையாகக் கட்டி, ஃபிளாட் வாச்சர் ஹியூபேட்டிடம் கொடுத்து, அவர்களுடைய தேவாலயத்துச் சந்தைக்கு அனுப்பியாயிற்று. பிறகு புறக்கோட்டைக்குப் போய் வெள்ளையும் சாம்பலும் கறுப்பும் வாங்கினாள். கடை முதலாளி கேட்காமலே விலையைக் குறைத்தார். பார்சலைத் தானே தூக்கிவந்து த்ரீவீலில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தன் பேரத்துக்கு ஆள் அடங்கிவிட்டான் என்று அவள் உச்சி குளிர்ந்து வீடு வந்தாள்.

முதல் துணியில் தனக்கும் ஆரணிக்கும் தைத்து முடித்துவிட்டாள். இந்தப் பதினொரு யார் கணவர் நமசிவாயத்தின் சேர்ட்டுகளுக்கு. கொடி போதாததால் துணியைப் பல்கனிக் கம்பியின் மேல் மடித்து மடித்துத் தொங்கவிட்டாள். அது இரண்டாம் மாடி வரைக்கும் இறங்கிக் கடற்காற்றில் அசைந்தது. பக்கத்தில் கழுத்துக்கு வைத்துத் தைக்க வெட்டிய கறுப்புப் பட்டிகள். இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு முன்னால் வெள்ளைத் துணி தொங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். குளிர் நாட்டுக்காரிக்குத் தெரியாது, சரி. சரோஜினிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நமசிவாயமாவது சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு முதல் நாள்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தது. கதைக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை. வீங்கிய கன்னத்தில் ஐஸ் கட்டி வைத்து, அது விழாமலிருக்க, மிஞ்சிய வெள்ளைத் துணியால் நாடியைச் சுற்றி உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டிருந்தாள் சரோஜினி. மனுசன் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, ஹோலில் சோபா செட்டியின் மேல் மல்லாந்து படுத்து, கழுத்து வரைக்கும் வெள்ளைப் போர்வையை இழுத்து, இரண்டு கையையும் நெஞ்சில் கோத்துக்கொண்டு நித்திரையாகிப் போனார்.

ஹியூபேட் மேலே வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. சரோஜினி முழுகிய ஈரத் தலையை விரித்துவிட்டு, புது வெள்ளை டொப்பும் வெள்ளைப் பாவாடையும் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு பிடி குண்டூசி. ஹியூபேட் அவளைப் பார்த்தார். செட்டியைப் பார்த்தார்.

"ஐயாவா, மேடம்?" என்று மெல்லக் கேட்டார்.

ஊசி வாயோடு என்ன கதைப்பது? ஆமென்று தலையை ஆட்டி, சத்தம் போடாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஹியூபேட் தொப்பியைக் கழற்றினார். நேற்றுக் காலையில்கூடக் கேட்டில் நின்று தன்னோடு சிரித்துப் பேசினாரே என்றார். உண்மைதானே, பல்லுப் பிடுங்கப் போகுமுன் சிரித்துத்தான் பேசினார் என்று அதற்கும் தலையை ஆட்டினாள். ஹியூபேட் சிலுவை போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். நல்ல மரியாதை தெரிந்த மனுசன் என்று நினைத்தபடி அவள் அடுத்த ஊசியைக் குத்தினாள்.

சற்று நேரத்தில் எதிர் ஃபிளாட் லுத்பியா ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுச் சரோஜினியைக் கட்டிக்கொண்டாள். தையல் வேலையில் நிற்பவளுக்கு இவ்வளவு இரக்கமா என்று சரோஜினிக்கு உண்மையிலேயே மனம் உருகிவிட்டது.

"மூணு நாளைக்கி நீங்க அடுப்பு மூட்ட வாணாம். எல்லாம் எங்கட ஊட்டால வரும்," என்றாள் லுத்பியா. "பல்லுப் புடுங்கப் போன மனிசனுக்கு உசிரே போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

சரோஜினிக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் நித்திரை கொள்கிறார், வந்து பாருங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தாள். லுத்பியா தூரத்தில் நின்றே எட்டிப் பார்த்து, ஓம், நித்திரை கொள்கிற மாதிரியேதான் இருக்கிறார் என்று சொல்லி, முன்னையிலும் கூடுதலாக அழுதுகொண்டு ஓடிப்போனாள்.

சரோஜினி பல்கனிக்கு ஓடினாள். கீழே ஒழுங்கையில் ஆட்கள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணியை அள்ளி உள்ளே போட்டாள். அவசரத்தில் கறுப்புப் பட்டிகளை மறந்துவிட்டாள். இப்போது பல்கனியில் கறுப்பு மட்டும் பறந்தது, கீழே நின்றவர்கள் தலையைக் குனிந்தார்கள்.

கணவரை உலுப்பினாள். எழும்பி வந்து பல்கனியில் நின்று ஒருக்கால் கையைக் காட்டச் சொன்னாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து, முனகி, திரும்ப மூடிக்கொண்டார்.

சரி, எழுதிப் போடுவோம் என்று ஃபிளாட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். மனுசன் சுகமாக இருக்கிறார் என்று காட்ட ஒரு நல்ல படம் வேண்டும் அல்லவா? வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டு எடுத்த படத்தைத் தெரிந்தெடுத்து முதலில் அதைப் போட்டாள். அவள் எழுத்தைத் தட்டி முடிப்பதற்குள் குழு முழுக்கக் கூப்பிய கைகளும் தாமரைப் பூவும் நிறைந்துவிட்டன. பதறிப்போய், 'அவர் எங்களோடுதான் இருக்கிறார்' என்று எழுதினாள். 'என்றும் இருப்பார், அக்கா' என்று இரண்டாம் மாடி டீச்சர் பதில் போட்டார்.

குழுவில் வந்ததைப் பார்த்து, கொள்ளுப்பிட்டியில் வேலை செய்யும் கந்தோரிலிருந்து ஆரணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கேட்டில் ஹியூபேட் வெள்ளைக் கொடி கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, லிஃப்டுக்கும் காத்திராமல் படியால் ஏறி வந்திருக்கிறாள். தகப்பனின் குறட்டையைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. உடனே அடுத்த பயம் வந்தது.

"அம்மா, இந்தச் சம்பந்தத்தைச் சொன்னதே ஹியூபேட்தான். அவரின்ர வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கைதான் கிஷாந்த் வீடு. இதுக்குள்ள அங்க கதை போயிருக்கும்."

சரோஜினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு துடக்கு. அதுவும் இல்லாத துடக்கு. மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி அழுதேவிட்டாள். உடுப்புத் தைக்க வெளிக்கிட்டுப் பிள்ளையின் வாழ்க்கையைக் கத்தரித்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய் மனோரஞ்சிதம்.

"ஹியூபேட் எல்லாம் சொன்னவர். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றாள் அவள். குரல், சாவுச் செய்தி கேட்டவளின் குரலாக இல்லை. தலையிலிருந்த சுமையை இறக்கி வைத்தவளின் குரலாக இருந்தது. "துடக்கு அது இதெண்டு நாங்கள் தள்ளிப்போடப் போறதில்லை. பிள்ளையள் விரும்பியிட்டுதுகள். இண்டைக்குப் பின்னேரமே வாறம், எழுத்துக்கு நாளும் வைப்பம். இப்பிடியான நேரத்தில ஆரும் ஆரையும் பிழை சொல்ல ஏலாது."

சரோஜினி வாயைத் திறக்குமுன் போன் வைத்தாயிற்று. எப்பேர்ப்பட்ட மனம், இப்படியும் சம்பந்திகள் கிடைப்பார்களா என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா உயிரோடிருப்பதைப் பார்த்தால், செத்த வீடு என்று சொல்லி ஏமாற்றிவிட்டோம் என்று நினைக்கமாட்டார்களா என்று ஆரணி கேட்டாள்.

குறைந்தது நிறமாக ஏதாவது உடுத்துக்கொண்டு நிற்கலாம் என்றால், நிறமெல்லாம் தேவாலயத்துக்குப் போய்விட்டது. ஹியூபேட்டைக் கூப்பிட்டு அந்த மூட்டையைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் சங்கடத்தோடு, எல்லாம் வித்துப்போயிற்று, பச்சைச் சேலையைத் தன் மனைவிதான் வாங்கியிருக்கிறாள் என்றார். ஐயா இருக்கிறார் என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்தார்.

பின்னேரம் லிஃப்ட் திறந்து, ஹியூபேட் முன்னால் வர, மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மனோரஞ்சிதம், அவள் கணவர், கிஷாந்த், கிஷாந்தின் தமையன் மகள் ஆறு வயது வர்ஷினி. நாலு பேரும் வெள்ளை. தகப்பனின் முகத்தில் சில நாள் வழிக்காத தாடி. இந்தக் காலத்தில் வயது போனவர்களும் இப்படித்தான் விடுகிறார்கள் என்று சரோஜினி நினைத்தாள். சுவாமி அறை வாசலை அவர்கள் விலகி நடந்தார்கள். செத்த வீட்டு ஒழுங்கு தெரிந்தவர்கள் என்று அதையும் மெச்சினாள்.

வெள்ளை, சாம்பல், கறுப்பு. ஹோலில் நின்ற எல்லாரும் எல்லாரோடும் பொருந்தினார்கள். யூடியூப் பெண்மணி பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பாள்.

சரோஜினி விசயத்தைச் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் மனோரஞ்சிதம் அவள் தோளைத் தட்டி அடக்கிவிட்டு, செட்டிக்கு முன்னால் போய் நின்று, முறைப்படி குரலெடுத்து அழத் தொடங்கினாள். நல்ல குரல், கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தில் நமசிவாயம் திடுக்கிட்டு எழும்பிக் குந்தினார். உச்சந்தலை முடிச்சு அப்படியே இருக்க, சுற்றி நின்ற வெள்ளையையெல்லாம் மலங்க மலங்கப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன் கதிரைக்கு மேல் ஏறிவிட்டார். மனோரஞ்சிதம் ஹியூபேட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஹியூபேட் முழங்காலில் விழுந்து, மூன்றாம் நாள்வரைகூடப் பொறுக்கவில்லையே ஆண்டவரே என்று முணுமுணுத்தார்.

சரோஜினி இனிப் பொறுக்க ஏலாது என்று நடுவில் வந்து நின்றாள். யூடியூப், பதினொரு யார், கடைவாய்ப் பல், குண்டூசி, ஒன்றையும் ஒளிக்காமல் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் கையைக் கூப்பினாள்.

"எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை. சத்தியமாத் துடக்கு இல்லை. நீங்கள் பயமில்லாமல் எழுத்துக்கு நாள் வையுங்கோ."

சிரிப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள் என்று அவள் காத்து நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மனோரஞ்சிதத்தின் முகம் விழுந்துவிட்டது. அவள் கணவர் கதிரையிலிருந்து மெல்ல இறங்கித் தாடியைத் தடவினார். கிஷாந்த் நிலத்தைப் பார்த்தான்.

வர்ஷினி மனோரஞ்சிதத்தின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பம்மா, அப்ப செத்தது எங்கட மட்டக்குளிப் பெரிய அப்பப்பா மட்டுமோ?"