உறக்கத்துக்கு ஓ.டி.பி.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தூங்கி விழுகிறார்கள் என்ற புகாரை அலுவலகம் மிகுந்த கவலையுடன் பரிசீலித்தது. ஆள் போதவில்லை என்று யாரோ சொன்னார்கள். அது பரிசீலனை வரம்புக்குள் வரவில்லை. எனவே ஒரு செயலி உருவாக்கப்பட்டது. பெயர் ‘நித்திரை’.

விதி எளிது. ஒவ்வொரு பணியிலும் இரண்டு மணி நேரம் ஓய்வு. அதில் ஊழியர் தூங்கியே ஆக வேண்டும். ஆதாரமாக, அரை மணிக்கு ஒருமுறை கண்மூடிய தன் முகத்தைத் தானே படமெடுத்து அனுப்பி, ஒரு நிமிடத்துக்குள் ஓ.டி.பி. போட வேண்டும். தூங்குகிறவன் கன்று கடாக்கன்று, தூங்கினால் நஷ்டம் என்பதெல்லாம் பழைய காலம். இனி தூங்காதவர் மேல்தான் நடவடிக்கை.

திருவிடந்தை வண்டியின் மருத்துவ உதவியாளர் ஜாக்குலினுக்கு, வேலை நேரத்தில் கண்ணயர்ந்ததற்காக ஏற்கெனவே ஒரு மெமோ உண்டு. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். பயந்துபோய், டிரைவர் கலைவாணனையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் மாவட்ட ஆம்புலன்ஸ் அதிகாரி கோதண்டராமனைப் பார்த்தார்.

“சார், தூங்கிகினு கீறப்போ ஓ.டி.பி.ய எப்டி சார் பாக்கறது?”

“அதுக்குத்தாம்மா அலாரம் வச்சிருக்கோம்.”

“அலாரம் அடிச்சா முழிச்சிக்குவேனே.”

“முழிச்சு, போட்டுட்டு, மறுபடி தூங்கலாம். தடையில்லை.”

“நானும் அக்காவும் மாத்தி மாத்தி போட்டோ எடுத்துக்கறோம் சார்,” என்றார் கலைவாணன்.

“எடுக்கறவர் முழிச்சிருந்ததா ஆயிடுமேய்யா. அவர் மேல நடவடிக்கை எடுக்கணும்.”

அந்த வாரம் ஜாக்குலின் இருபத்து நான்கு முறை விழித்தெழுந்து, தான் தூங்குவதை நிரூபித்தார். தூங்கத்தான் நேரமில்லை. ஆத்திரத்தில் அழுகையே வந்தது.

வந்த படம் ஒவ்வொன்றையும் கோதண்டராமனும் ஒரு நிமிடத்துக்குள் அங்கீகரிக்க வேண்டும். மாவட்டத்து வண்டிகள் முறைவைத்து ஓய்வெடுத்ததால், இரவு பகலாகப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்பதாம் நாள் ஆய்வுக் கூட்டத்தில் மனிதர் மேசைமேல் சாய்ந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். செங்கல்பட்டில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு, வண்டியிலேயே ஓய்வில் இருந்த ஜாக்குலின்தான் கலைவாணனோடு ஓடிவந்தார்.

“நாடி, பிரஷர், சுகரு எல்லாம் சரியா கீது. சார் தூங்கறாரு.”

“ஆபீஸ் நேரத்துல சார் எப்படிம்மா தூங்குவாரு? மயக்கம்னு எழுது,” என்றார் தலைமை எழுத்தர் விஜயகுமாரி.

அந்த நேரம் பார்த்து ஜாக்குலினின் போன் அலறியது. தூங்கும் படம் வேண்டுமாம். ஒரு நிமிடம்தான்.

“அக்கா, கண்ண மூடிகினு ஒரு மூஞ்சி இங்க கீது பாரு,” என்றார் கலைவாணன்.

படம் போனது. ஓ.டி.பி.யும் போனது. உடனே கோதண்டராமனின் போன் அலறியது. அவர் பழக்கதோஷத்தில் அரைக்கண்ணால் அங்கீகரித்துவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார்.

மாத இறுதியில் சிறந்த உறக்கத்துக்குப் பரிசளிப்பு விழா. அந்தப் படத்துக்கே முதல் பரிசு. கோதண்டராமனின் முகத்தைப் போட்டு, ‘மாவட்டத்தின் ஆழ்ந்த உறக்கம்: ஜாக்குலின்’ என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அரங்கில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழா ஜாக்குலினின் ஓய்வு நேரத்தில் நடந்தது. மேடையில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றதற்காக மறுநாள் இரண்டாவது மெமோ வந்தது.

இப்போது ஜாக்குலின் ஊரப்பாக்கத்தில் தன் வீட்டில் நன்றாகத் தூங்குகிறார். திருவிடந்தை வண்டியில் உதவியாளர் இல்லை, செயலி இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் வண்டி வரும். உங்களிடம் ஓ.டி.பி. கேட்கும். மயங்கிக் கிடந்தால், ஒரு நிமிடத்துக்குள் எழுந்து சொல்லிவிட்டு மறுபடி மயங்கலாம். தடையில்லை.